டிரம் கோர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மைதானத்தில் அணிவகுத்தபடியே வாசித்துப் போட்டியிடும் இளைஞர் இசைக்குழுக்களான அமெரிக்க டிரம் கோர் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் எந்தக் கோரிலும் வாசித்தவன் இல்லை. பல வருடங்களாகப் பார்த்து, கேட்டு, சக ரசிகர்களோடு வாதாடி வருபவன். அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறேன்.

என் பையன் ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்டில் இருக்கிறான். அதற்கும் டிரம் கோருக்கும் என்ன வித்தியாசம்?

பள்ளி பேண்டில் கிளாரினெட், புல்லாங்குழல், சாக்ஸபோன் எல்லாம் இருக்கும். கோரில் பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள், கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் சுழற்றுகிற கலர் கார்டு, அவ்வளவுதான். பெரிய கோர்களில் 150க்கும் மேற்பட்டவர்கள் இருப்பார்கள். வயது வரம்பு 22ஐ ஒட்டி முடிந்துவிடும். கோடையில் ஒன்றுகூடி சில வாரம் பயிற்சி, அப்புறம் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை பஸ்ஸில் ஊர் ஊராகப் பயணம். இரவு பள்ளி ஜிம் தரையில் படுக்கை, பகலில் வெயிலில் ஒத்திகை, மாலையில் போட்டி. இவ்வளவும் சுமார் 11 நிமிடம் ஓடும் ஒரே ஒரு ஷோவுக்காக! பரிசுப் பணம் கிடையாது. சேருகிற பிள்ளைகள்தான் சில ஆயிரம் டாலர் கட்டணம் கட்டுகிறார்கள்.

இது ராணுவத்திலிருந்து வந்ததா?

பாதி உண்மை. முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களும் தேவாலயங்களும் தங்கள் பகுதிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய குழுக்கள்தான் வேர். கையில் பியூகிள் என்ற ராணுவ ஊதுகுழலும் டிரம்மும் இருந்தன, நடை ராணுவ நடையாக இருந்தது. பிறகு, போட்டி விதிகளைத் தாங்களே எழுத வேண்டும் என்று கோர்கள் ஒன்றுகூடி 1971ல் டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கின. அடுத்த வருடம் விஸ்கான்சின் மாநிலம் வைட்வாட்டரில் நடந்த முதல் சாம்பியன்ஷிப்பை அனாஹைம் கிங்ஸ்மென் வென்றது. 2009 முதல் இறுதிப் போட்டிக்கு இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம்தான் வீடு.

டிரில் என்கிறார்களே, அது என்ன? இத்தனை பேர் ஓடிக்கொண்டே வாசிக்கும்போது எப்படித் தாளம் தப்பாமல் இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மைதானத்தில் யார் எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்ற வரைபடம்தான் டிரில். ஒவ்வொருவரிடமும் தன் புள்ளிகளைக் குறித்த சின்ன நோட்டு இருக்கும். அடிப்படை நடை ஐந்து கெஜத்துக்கு எட்டு காலடி, அதாவது ஒரு காலடிக்கு 22.5 அங்குலம். இதை உடம்பில் ஏற்றிவிட்டால் தரையைப் பார்க்காமலே இடம் தெரியும்.

தாளம்தான் கடினம். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் நீளம் 100 கெஜம். ஒரு கோடியில் அடித்த டிரம் ஒலி மறுகோடிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய கால் நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் அது அரைத் தட்டு! பக்கத்தில் கேட்பதை நம்பி வாசித்தால் ஷோ கலைந்துவிடும். அதனால் பித்தளை வாசிப்பவர்கள், முன்னால் நின்று கையசைத்துத் தாளம் காட்டும் டிரம் மேஜரின் கைகளைக் கண்ணால் பிடிக்கிறார்கள். முன்னால் மரிம்பா, வைப்ரஃபோன் வைத்திருக்கும் 'பிட்' குழுவோ பின்னாலிருந்து வரும் டிரம் ஒலியைக் காதால் பிடித்து அதோடு வாசிக்கிறது. பார்வையாளர் காதில் எல்லாம் ஒன்றாக வந்து விழும்.

வடிவமைப்பில் பெரிய உடைப்பு 1983ல் நடந்தது. அதுவரை பெரும்பாலான டிரில் நடுக்கோட்டுக்கு இருபக்கமும் சமச்சீராக இருந்தது. கார்ஃபீல்டு கேடெட்ஸுக்கு ஜார்ஜ் ஸிங்காலி எழுதிய டிரிலில் சமச்சீர் உடைந்தது, வேகம் கூடியது, உருவங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. கேடெட்ஸ் 83, 84, 85 மூன்று வருடமும் வென்றது. தொடர்ந்து மூன்று முறை வென்ற முதல் கோர் அதுதான். கலர் கார்டுக்கான விருது இன்றும் ஸிங்காலி பெயரில்தான் இருக்கிறது.

புதிதாகப் பார்க்கிறேன் அண்ணா. நான்கு ஷோ சொல்லுங்கள்.

சரி தம்பி, இந்த வரிசையில் பாருங்கள்.

2008 ஃபேண்டம் ரெஜிமென்ட், 'ஸ்பார்ட்டகஸ்'. கதை சொல்லும் ஷோவுக்கு இதைவிட நல்ல அறிமுகம் இல்லை. அடிமைகளின் கிளர்ச்சியை மைதானத்தில் நடத்திக்காட்டி, இறுதிப் போட்டியில் புளூ டெவில்ஸை 0.025 புள்ளியில் முந்தியது.

1991 ஸ்டார் ஆஃப் இண்டியானா. ரோம் நகரைப் பற்றிய ரெஸ்பீகியின் இசை. முடிவில் ஒரு பெரிய சிலுவை உருவம் இன்னொரு சிலுவையாக மாறும். மேலிருந்து எடுத்த காட்சியில் பாருங்கள். எல்லோரும் நடக்கிறார்கள், ஆனால் கண்ணுக்குத் தெரிவது ஒரே உடல் திரும்புவதுதான்.

2016 புளூகோட்ஸ், 'டவுன் சைட் அப்'. வளைந்த சறுக்கு மேடைகள், ராணுவச் சீருடை இல்லை, தொப்பி இல்லை. இன்றைய பாணியின் வாசல் இது.

கடைசியாக 1993 ஸ்டார். இதை முதலில் பார்க்காதீர்கள், பிடிக்காமல் போகலாம். பார்பரும் பார்டோக்கும் எழுதிய கடினமான இசை, கைதட்டலுக்கு இடமே விடாத வடிவமைப்பு. அன்று கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது. மிஸிஸிப்பி மாநிலம் ஜாக்ஸனில் நடந்த இறுதிப் போட்டியில் 97.3 வாங்கி, 97.4 வாங்கிய கேடெட்ஸிடம் தோற்றது. அதோடு ஸ்டார் போட்டியை விட்டே விலகி மேடைக்குப் போனது. அந்த வழியில் பிறந்த 'பிளாஸ்ட்!' என்ற மேடை நிகழ்ச்சி 2001ல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குக்கு வந்து டோனி விருதும் வாங்கியது. இன்றைய டிரம் கோர் எந்த ஷோவின் பிள்ளை என்று கேட்டால் நான் இந்த 1993 ஷோவைத்தான் காட்டுவேன். உடல் அசைவு இசையின் ஒரு குரலாகவே ஆக முடியும் என்று அது காட்டியது. அன்று வென்ற கேடெட்ஸின் ஷோவும் நல்ல ஷோதான். ஆனால் என் வாக்கு ஸ்டாருக்கு.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்? புளூ டெவில்ஸ் மட்டும் எப்படி ஜெயித்துக்கொண்டே இருக்கிறது?

மொத்தம் 100. ஷோ ஒட்டுமொத்தமாக ஏற்படுத்தும் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. முன்பு ஒவ்வொரு தவறுக்கும் பத்தில் ஒரு பங்கு புள்ளியைக் குறைக்கும் முறை இருந்தது. எண்பதுகளில் அது போனதால்தான் வடிவமைப்பாளர்கள் துணிந்தார்கள்.

கலிஃபோர்னியாவின் கான்கார்டு ஊரைச் சேர்ந்த புளூ டெவில்ஸ் 20க்கும் மேற்பட்ட பட்டங்கள் வாங்கியிருக்கிறது. 2014ல் வாங்கிய 99.65ஐ இதுவரை யாரும் தாண்டவில்லை. காரணம், அங்கே வடிவமைப்புக் குழு பல வருடங்கள் கலையாமல் சேர்ந்தே வேலை செய்திருக்கிறது. ஜூனில் பாதி ஷோவாக இருப்பதை ஒவ்வொரு வாரமும் மாற்றி மாற்றி ஆகஸ்டில் முழுதாக்குவார்கள். சிலர் அவர்களை உணர்ச்சியில்லாதவர்கள் என்கிறார்கள். எனக்கும் சில வருடங்களில் மனம் ஒட்டியதில்லை. ஆனாலும் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அவர்கள் தகுதியானவர்கள்தான். அவர்களே ஜெயிப்பார்கள் என்றும் இல்லை. 2024ல் புளூகோட்ஸ், 2025ல் பாஸ்டன் க்ரூஸேடர்ஸ். பாஸ்டனுக்கு அதுதான் முதல் பட்டம்.

மைக்கும் சிந்தசைசரும் வந்து டிரம் கோரைக் கெடுத்துவிட்டன என்று பழைய ரசிகர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?

ஒலிபெருக்கிக்கு 2004ல் அனுமதி, மின்னணு இசைக்கருவிகளுக்கு 2009ல். பிட் குழுவுக்கு மைக் வைத்தது நல்ல காரியம். அதற்கு முன் மரிம்பாவைக் கேட்க வைக்க அடித்து நொறுக்க வேண்டியிருந்தது. இப்போது மென்மையாகவும் வாசிக்கிறார்கள்.

சிந்தசைசர் விஷயத்தில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. உச்சகட்டம் வரும்போதெல்லாம் அடியில் ஒரு மின்னணு உறுமலைப் போடுகிறார்கள். தோளில் டியூபாவைச் சுமந்துகொண்டு ஓடி ஓடி வாசிக்கிற பிள்ளைகளின் ஒலி அதில் மூழ்கிவிடுகிறது. 70, 80 பித்தளைக் கருவிகள் ஒரே சுருதியில் நிற்கும்போது காற்றே கனமாகும். அதைக் கேட்கத்தான் நான் போகிறேன். சாம்பாரில் பெருங்காயம் தெரிய வேண்டும், ஆனால் சாம்பாரே பெருங்காயமாகக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. 2014ல் புளூகோட்ஸின் 'டில்ட்' ஷோவில் சுருதியே வளைந்து சரியும் ஒரு இடம் வரும். சாய்வு என்பதுதான் ஷோவின் கருப்பொருள், ஒலியும் சாய்ந்தது. மின்னணு இல்லாமல் அதைச் செய்திருக்க முடியாது. மேடை, திரை, ஒலிபெருக்கி எதற்கும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதை எடுத்துவிட்டால் ஷோவின் எண்ணம் சாகுமா? சாகும் என்றால் இருக்கட்டும். இல்லையென்றால் லாரியில் ஏற்றிவிடலாம்.

சீருடை போனது சரியா?

நடனம் ஆட வேண்டிய உடலுக்குக் கனமான கம்பளி ஜாக்கெட் சரிவராது, அதனால் மாற்றம் நியாயம்தான். எனக்கு வலிப்பது வேறு. முன்பெல்லாம் தூரத்தில் பார்த்தே கேவலியர்ஸ் பச்சை, மேடிஸன் ஸ்கவுட்ஸ் தொப்பி என்று அடையாளம் சொல்லிவிடலாம். இப்போது வருடத்துக்கு ஒரு உடை. உள்ளே வரும்போதாவது கோரின் நிறம் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

பாரம்பரியங்களில் உங்களுக்குப் பிடித்தது?

கோரின் சொந்தப் பாடல்கள். மேடிஸன் ஸ்கவுட்ஸுக்கு 'யூ வில் நெவர் வாக் அலோன்'. ஃபேண்டம் ரெஜிமென்டுக்கு வாக்னரின் 'லோஹென்கிரின்' ஓபெராவில் வரும் எல்ஸாவின் ஊர்வலம். மைதானத்துக்கு வெளியே வட்டமாக நின்று, நடுவர் யாரும் இல்லாமல் வாசிப்பார்கள். புளூகோட்ஸ் வந்தால் அரங்கமே 'புளூ...' என்று இழுத்துக் கத்தும். முதல்முறை கேட்பவர்கள் அதை 'பூ...' என்ற ஆங்கிலக் கேலிக் கூச்சல் என்று நினைத்துவிடுவார்கள். அது பாசம். ஓஹியோவின் கேன்டனில் போலீஸ்காரர்கள் தொடங்கிய கோர் அது, பெயரிலுள்ள நீலமும் அவர்கள் உடுப்பிலிருந்து வந்ததுதான்.

வயது வரம்பை எட்டியவர்களுக்கு இறுதிப் போட்டிதான் கடைசி. அதைப் பற்றி நிறைய எழுத ஆசை, எழுதினால் பதில் முடியாது.

கேடெட்ஸ் ஏன் மூடப்பட்டது?

1934ல் தொடங்கிய கோர், 2024ல் நின்றுவிட்டது. பாலியல் துன்புறுத்தல் தொடர்பான வழக்கும் திவாலும் பின்னணி. பழைய பட்டங்களைப் பார்த்து அழுவது எனக்கும் வரும். ஆனால் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு முன்னால் எந்தப் பாரம்பரியமும் பெரிதில்லை. எந்தக் கோரில் சேர்த்தாலும் பெற்றோர் இதைப் பற்றி நேராகக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

மகள் கிளாரினெட் வாசிக்கிறாள், டிரம் கோரில் சேர ஆசை. வழி உண்டா?

உண்டு அம்மா. கிளாரினெட்டோடு போக முடியாது. நன்றாக ஸ்வரம் படிப்பவள், பியானோவும் பழகியிருக்கிறாள் என்றால் பிட் குழுவுக்கு முயலலாம். நடனம் தெரிந்தால் கலர் கார்டு. பித்தளைக்கு மாறுவதாக இருந்தால் மெலோபோனில் ஆரம்பிக்கலாம். உதடு பழக ஒரு வருடமாவது கொடுங்கள். தேர்வு குளிர்காலத்துக்கு முன்பே தொடங்கிவிடும். முதல் முயற்சியிலேயே பெரிய கோர் வேண்டாம். சிறிய கோர்கள் போட்டியிடும் ஓப்பன் கிளாஸில் ஒரு கோடை இருந்துவிட்டு வந்தால் கால் உறுதியாகிவிடும்.

நேரில் பார்க்கப் போகிறோம். எந்த இருக்கை?

50 கெஜக் கோட்டுக்கு நேராக, மேலே. கீழ் வரிசையில் முகங்கள் தெரியும், டிரில் தெரியாது. மாலைப் போட்டி என்றால் மதியமே போய் வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி வாருங்கள். டிரம்லைன்கள் அங்கேதான் கைச்சூடு ஏற்றும், ஸ்னேர் டிரம் வரிசைக்கு இரண்டு கை தூரத்தில் நின்று கேட்கலாம். குழந்தைகளுக்குக் காதடைப்பான் கட்டாயம் எடுத்துப் போங்கள்.