ஏர்லாக் தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: மெல்போர்னில் இருக்கும் மகன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். நொதித்து முடிந்ததும் தெளியட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தானாம். மறுநாள் ஏர்லாக்கில் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுக்கத் தண்ணீர் ஊற்றி வைக்கும் சின்ன அடைப்பான்) சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கீங்க போயிருக்கும்?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: பீருக்குள்தானுங்க. 20 டிகிரியில் இருந்ததை 2 டிகிரிக்கு இறக்கினால் மேலே நிற்கும் வாயு சுமார் 6 சதவீதம் சுருங்கும். 5 லிட்டர் காலியிடம் இருந்தால் 300 மில்லி. அதோடு நின்றால் பரவாயில்லை. குளிர்ந்த பீர் கரியமில வாயுவைக் கூடுதலாகக் கரைத்துக்கொள்ளும். அதனால்தான் நன்றாகக் குளிர்ந்த பிறகும் உறிஞ்சல் நிற்பதில்லை. தண்ணீர்கூடப் போகட்டும், அதன் பின்னாலேயே நுழைகிற காற்றுதான் வில்லன். ஆக்சிஜன் பட்ட பீரில் நாளாக ஆக நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும்.

நொதிக்கும்போது வெளியேறும் வாயுவையே ஃபாயில் பலூனில் பிடித்து வைத்து, குளிர வைக்கும்போது ஏர்லாக் இருந்த இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். பெரிய பலூனாக இருக்கட்டும். ரப்பர் பலூனும் ஆகும், ஆனால் மெல்லக் கசியும்.

கேள்வி: ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு இறுக்கமாக அடைத்துவிட்டால்? லண்டனில் தங்கை வீட்டில் கேட்கிறார்கள்.
– திருப்பூர் வாசகி

பதில்: பிளாஸ்டிக் வாளி ஒடுங்கும், மூடி நெகிழ்ந்து எப்படியும் காற்றை விடும். கண்ணாடிக் குடுவையில் அந்த வேலையே வேண்டாம். எப்படிச் செய்தாலும், ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியைக் காட்டும் கருவி) அளவு இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகே குளிர வைக்க வேண்டும்.

கேள்வி: 'எஸ்' வடிவ ஏர்லாக் வாங்கினால் தொல்லை தீருமா?
– ஈரோடு வாசகர்

பதில்: பாதி தீரும். தண்ணீர் அவ்வளவாக உள்ளே விழாது, காற்று குமிழ் குமிழாகப் போகத்தான் செய்யும். தண்ணீருக்குப் பதில் வோட்கா ஊற்றினால் கிருமி பயம் குறையும். ஏர்லாக்குக்குப் பதில் குழாய் மாட்டி, அதன் நுனியை வாளித் தண்ணீரில் முக்கி வைப்பவர்கள் குளிர வைக்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாளித் தண்ணீரும் பீரில்தான்.

கேள்வி: கோயமுத்தூரிலேயே காய்ச்சலாங்களா?
– பீளமேடு வாசகர்

பதில்: கூடாதுங்க. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் காய்ச்சுவது குற்றம். நான் மட்டும்தான் குடிக்கிறேன் என்றாலும் அதேதான்.

கேள்வி: ஊட்டி கேரட்டை ஏர்லாக் ஜாடியில் உப்புநீரில் புளிக்க வைக்கிறேன். ஃப்ரிட்ஜில் வைத்தால் எனக்கும் இதே கதைதானா?
– மேட்டுப்பாளையம் வாசகி

பதில்: அதே கதைதான் அம்மிணி, ஆனால் கவலையில்லை. ஏர்லாக்கிலும் கொதித்து ஆறிய உப்புநீரையே ஊற்றிவிடுங்கள். புளிப்பு பிடித்ததும் சாதாரண மூடி போட்டு உள்ளே வைக்கலாம்.