வயறிங் வகுப்பில் பத்து நிமிடம்கூட இருக்கமாட்டாத பெடியளை எப்படிப் படிப்பிக்கலாம்?

யாழ்ப்பாணத்தில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 3ஆம் மட்டத்துக்கு வயறிங் படிப்பிப்பதாகவும், நாலைந்து பேர் வகுப்பில் இருப்புக்கொள்ளாமல் எழும்பித் திரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காலையில் தியறி, பின்னேரம் செய்முறை என்றுதான் உங்கள் நேரசூசி இருக்கும். முதலில் அதை மாற்றுங்கள். கவனக்குறைபாடு உள்ள பிள்ளை காலையில் கேட்டதைப் பின்னேரம்வரை தலையில் தாங்கி வைத்திருக்காது. அது சோம்பல் இல்லை. வேலையை முதலில் கையில் கொடுங்கள். கை தடக்குப்படும் இடத்தில் தியறியைச் சொல்லுங்கள்.

மேலும் கீழும் சுவிச் உள்ள படிக்கட்டு லைற்றை எடுத்துக்கொள்வோம். முழு வேலையையும் ஒன்றாகக் கொடுத்தால் பாதியில் விட்டுவிடுவார்கள். பெட்டியும் கொண்டியூட்டும் (வயர் போகும் குழாய்) பொருத்துவது, வயர் இழுப்பது, முதல் சுவிச், இரண்டாவது சுவிச், ஹோல்டர் என்று வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் 15, 20 நிமிடத்தில் முடியவேண்டும். சரியா பிழையா என்று அவர்களே பார்க்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும். வயர் இழுத்த பிறகு ஒவ்வொரு துண்டின் முடிவிலும் மல்ரிமீற்றரை வைத்து, இணைப்பு அறாமல் இருந்தால் வரும் 'பீப்' சத்தத்தைக் கேட்கச் செய்யுங்கள். இவர்களுக்குப் பலன் உடனே தெரியவேண்டும். மாத முடிவில் வரும் புள்ளி இவர்களை இருத்தி வைக்காது.

அளவை வாயால் சொல்லாதீர்கள். 1/1.13 வயரின் (1.13 மில்லிமீற்றர் தடிப்பான ஒற்றைச் செம்புக் கம்பி) உறையை 10 மில்லிமீற்றர் உரி என்றால் ஒருவன் 20 உரிப்பான், செம்பு வெளியே தெரியும். இன்னொருவன் 4 உரிப்பான், ஸ்குறூ உறையின்மேல் இறுகி இணைப்புச் சூடேறும். மேசை விளிம்பில் அந்த அளவுக்குக் கோடு கீறிவிட்டால் போதும். உரிக்கும்போது அவசரத்தில் செம்பில் வெட்டு விழுந்தால், ஒற்றைக் கம்பி என்பதால் மடிக்கும் இடத்தில் முறியும். அந்தத் துண்டை எறியாமல் அவன் கையிலேயே கொடுத்து முறித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வேலையில் அடிக்கடி வரும் பிழை, சுவிச்சின் மூன்று முனைகளில், மின் வரும் லைவ் வயரைப் பொது முனையில் போடாமல் பக்க முனை ஒன்றில் போடுவது. அப்படிப் போட்டால் அந்தச் சுவிச் ஒரு பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே மற்றது வேலை செய்யும். இதைக் கரும்பலகையில் விளக்கி நேரத்தை வீணாக்கவேண்டாம். 12 வோல்ற் மோட்டார்சைக்கிள் பற்றரியும் 12 வோல்ற் பல்பும் வைத்து, 5 அம்பியர் பியூஸ் போட்டு, அவர்களே போட்டும் நூர்த்தும் பிழையைத் தேடட்டும். பியூஸை விடாதீர்கள், பற்றரி சோட் ஆனால் வயர் உருகும். 230 வோல்ற் கடைசியில்தான். மின் கசிந்தால் தானாக விழும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இல்லாமல் அந்த வேலையைத் தொடவே விடக்கூடாது. மெயின் சுவிச் பூட்டின் திறப்பு உங்கள் பொக்கற்றில் இருக்கட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. செய்துகாட்டுவது ஐந்து நிமிடத்தைத் தாண்டவேண்டாம். எழும்பித் திரிபவனுக்கு வயர் றோல் எடுத்துவருவது, ஆயுதங்களை எண்ணி வைப்பது போன்ற வேலைகளைக் கொடுங்கள். நடக்கவும் செய்வான், வேலையும் நடக்கும். கிரைண்டர் ஓடும் பக்கத்திலோ வாசலுக்கு நேரேயோ இவர்களை இருத்தவேண்டாம்.

நாலு பேருக்காக முழு வகுப்பையும் மாற்றுவதா என்று சிலர் கேட்பார்கள். தேர்ச்சி அளவை ஒரு நூல்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. முறை மட்டும்தான் மாறுகிறது, அதனால் மற்றப் பிள்ளைகளுக்கும் நட்டமில்லை. படிப்பு ஏறாதவனைத்தான் வயறிங்குக்கு அனுப்புவது என்று நினைக்கும் சனத்திடம்தான் எனக்குக் கோபம். வெளிநாட்டுக் காசில் மாபிள் பதித்து வீடு கட்டுவார்கள். ஏர்த் கம்பி இறக்கச் சொன்னால் வீண்செலவு என்பார்கள். அந்த வீட்டில் உயிர் தப்புவது வயறிங் செய்தவனின் மூளையால்தான் என்பது அவர்களுக்கு ஏன் விளங்குவதில்லை?

நீங்களாக நோய்ப்பெயர் வைக்கவேண்டாம். காது கேளாமை, கண்பார்வை, நித்திரையின்மை, காலைச் சாப்பாடு இல்லாமை, வீட்டுத் துக்கம் எல்லாமே வெளியில் கவனக்குறைபாடு போலத் தெரியும். சந்தேகம் இருந்தால் பெற்றோரிடம் தனியாகக் கதைத்து, யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உளநலப் பிரிவுக்குக் காட்டச் சொல்லுங்கள். கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கும் மெதைல்பெனிடேற் குளிசை எடுக்கும் பிள்ளை என்றால், சாதாரண வகையின் வேலை மூன்று, நாலு மணித்தியாலத்தில் அடங்கிவிடும். காலை 7 மணிக்கு எடுத்தவனுக்கு 11 மணிக்குப் பிறகு துளையிடும் மெசின் வேலையை வைக்காதீர்கள்.

இவர்கள் கடைசியில் தவறுவது கைவேலையில் இல்லை, தினக்குறிப்பில். நாள் முடிந்தபிறகு எழுதச் சொன்னால் வெறுமையாகவே கிடக்கும். ஒவ்வொரு துண்டும் முடிய போனில் ஒரு படம் எடுக்கவிட்டு, வேலையின் பெயரை நீங்களே முன்கூட்டிப் படிவத்தில் அடித்துக் கொடுங்கள். அவன் நிரப்பவேண்டியது திகதியும் அளவும் மட்டும். அதையும் மேசையை விட்டு எழும்பமுன் நிரப்பட்டும்.