ஜெத்ரோ டல் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் எண்பதுகள் இசைத்தட்டுகளையும் சேகரிக்க வேண்டுமா, எழுபதுகளோடு நிறுத்திக்கொள்ளலாமா?

இதைக் கேட்டவர் அநேகமாக எழுபதுகளின் ‘அக்வாலங்’, ‘திக் ஆஸ் எ பிரிக்’ இரண்டையும் வாங்கி முடித்திருப்பார். அடுத்து எதில் கை வைப்பது என்று யோசிக்கும்போது யாரோ ஒரு பெரியவர் “1980-க்கு மேல் தொடாதே, எல்லாம் சிந்தசைசர், மின்னணுச் சத்தம்” என்று சொல்லியிருப்பார். அந்தப் பெரியவரை எனக்கும் தெரியும். எந்த ரெக்கார்டு கடைக்குப் போனாலும் ஒருவர் நிற்பார். பாதிப் பேர் கேட்காமலே சொல்கிறவர்கள்.

வாங்குங்கள் என்பதுதான் என் பதில். நான் இருப்பது இங்கிலாந்தில், மிட்லண்ட்ஸ் பக்கம். எங்கள் ஊரில் நடுவில் பிங்க் லேபிள் ஒட்டிய ஐலண்ட் கம்பெனிப் பதிப்புகளுக்கு, அதாவது 1968, 69 ரெக்கார்டுகளுக்கு, ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். எண்பதுகள் எல்பிகளோ (பெரிய இசைத்தட்டுகள்) பழைய சாமான் விற்கும் சாரிட்டி கடையில் தரையோடு தரையாக ஒரு பெட்டியில் கிடக்கும். ‘பிராட்ஸ்வோர்ட் அண்ட் த பீஸ்ட்’ (1982) எனக்கு அப்படிக் கிடைத்ததுதான். டீ குடிக்கிற காசு.

அதன் அட்டை ஓரத்தில் சுற்றிலும் ஏதோ கிறுக்கல் போல எழுத்து இருக்கும். வெறும் அலங்காரம் என்றுதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என் மகள் பார்த்துவிட்டு, “அப்பா, இது டோல்கீன் எழுத்து” என்றாள். டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் பின்னிணைப்பில் அவர் உருவாக்கிய அந்த கிர்த் எழுத்துக்கு அட்டவணை இருக்கிறது. இருவரும் பூதக்கண்ணாடியும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். எந்த மூலையில் தொடங்குகிறது என்று பிடிபடவே சாயங்காலம் ஆகிவிட்டது. அப்புறம் ஒரு சொல் விழுந்தது, இன்னொன்று விழுந்தது. பார்த்தால், அடிவானத்தில் ஒரு இருண்ட பாய்மரம் தெரிகிறது என்று ஆரம்பிக்கும் தலைப்புப் பாட்டின் வரிகள்! இசை ரசிகர்களுக்கு இது பழைய செய்தியாக இருக்கலாம். எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிடியில் முயன்றிருந்தால் நடந்திருக்காது. அதில் அந்த எழுத்துகள் எறும்பு அளவுதான்.

“அட்டைக்காகவா ரெக்கார்டு வாங்குவது?” என்று ஒருவர் வரப்போகிறார். ஐயா, பாட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. தயாரித்தவர் யார்ட்பேர்ட்ஸ் என்ற ராக் குழுவில் பாஸ் கிட்டார் வாசித்த பால் சாம்வெல் ஸ்மித். வெளியாள் ஒருவர் கையில் கொடுத்ததால் பாட்டுகள் நீட்டி முழக்காமல் நிற்கின்றன.

‘ஏ’ (1980) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழுவின் பாடகர் இயன் ஆண்டர்சன் தனி ஆல்பமாகத் தொடங்கியது, கம்பெனி வற்புறுத்தலால் குழுவின் பெயரில் வந்தது. எடி ஜாப்சனின் வயலினுக்காகக் கேட்கலாம்.

‘அண்டர் ராப்ஸ்’ (1984) தான் சண்டைக்குரியது. டிரம்மரே கிடையாது, முழுக்க டிரம் மெஷின். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்காது. ஆனால் திட்டுகிறவர்கள் எதை வைத்துத் திட்டுகிறார்கள் என்று கேளுங்கள். எல்பியில் இருப்பது 11 பாட்டு. கேசட்டிலும் சிடியிலும் 15. எல்பியை மட்டும் கேட்டு விமர்சனம் எழுதுவது, என்னைக் கேட்டால், பாதிப் படத்தில் எழுந்து வந்து எழுதுவது. இந்த ஒரு ஆல்பத்துக்குக் கேசட்டும் சேர்த்து வாங்குங்கள். அந்தச் சுற்றுப்பயணத்தில்தான் ஆண்டர்சனின் தொண்டை கெட்டது. அந்த உச்ச ஸ்தாயியைக் கேட்டால் ஏன் என்று புரியும்.

‘கிரெஸ்ட் ஆஃப் எ நேவ்’ (1987) குரல் இறங்கிய பிறகு வந்தது. ‘புடாபெஸ்ட்’ என்ற பத்து நிமிடப் பாட்டுக்காகவே வாங்கலாம். 1989-இல் ஹார்ட் ராக், மெட்டல் பிரிவில் முதல் கிராமி விருதை மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவைத் தாண்டி வாங்கியது இதுதான். அரங்கில் கூச்சல் எழுந்தது. நான் மெட்டாலிகாவுக்கு எதிரி இல்லை, அவர்களுக்கே கொடுத்திருக்கலாம். ஆனால் விருதுக் குழு செய்ததற்கு இந்த ரெக்கார்டு என்ன செய்யும்? 1992 விருது மேடையில் மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக், இந்த வருடம் ஆல்பம் போடாததற்கு ஜெத்ரோ டல்லுக்கு நன்றி என்று கிண்டலடித்தார். 1991-இல் அவர்கள் ஒன்று போட்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

கிண்டல் என்றதும் என் மைத்துனர் ஞாபகம் வருகிறார். மூன்று வருடத்துக்கு ஒரு கார் மாற்றுகிறார், அது அந்தஸ்தாம். நான் நாலு பவுண்டுக்குத் தட்டு வாங்கினால் குடும்பமே கூடி உட்கார்ந்து “இதெல்லாம் வித்தா எவ்வளவு தேறும்?” என்று கேட்கிறது. அவர் காரை விற்றால் எவ்வளவு தேறும் என்று இதுவரை யாராவது கேட்டார்களா? போன பொங்கலுக்கு வந்தவர் காபி டம்ளரை ஜெத்ரோ டல்லின் ‘ஹெவி ஹார்சஸ்’ அட்டை மேல் வைத்தார். வட்டம் இன்னும் இருக்கிறது.

சரி, வரிசை சொல்கிறேன்: முதலில் ‘பிராட்ஸ்வோர்ட்’, அடுத்து ‘கிரெஸ்ட்’ (இதைச் சிடியாக வாங்குங்கள், எல்பியில் இல்லாத பாட்டுகள் இருக்கும்), பிறகு ‘அண்டர் ராப்ஸ்’ கேசட். ‘ஏ’, ‘ராக் ஐலண்ட்’ (1989) இரண்டும் மலிவாகக் கண்ணில் பட்டால் எடுங்கள், தேடி அலைய வேண்டாம்.