அறுவை சிகிச்சை நிபுணராக இருந்துகொண்டே சினைப்பைப் புற்றுநோய் ஆராய்ச்சியும் செய்ய முடியுமா?

முடியும். நான் செய்துகொண்டிருக்கிறேன். மகளிர் புற்றுநோய் அறுவை சிகிச்சைதான் என் தொழில். வாரத்தில் பாதி ஆபரேஷன் தியேட்டரில், மீதி ஆய்வகத்தில். நீங்கள் மேற்படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறீர்கள், "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம்" என்று மூத்தவர் யாரோ சொல்லிவிட்டார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். "கத்தியா, பைப்பெட்டா (ஆய்வகத்தில் திரவம் அளக்கும் குழாய்), ஏதாவது ஒன்றை எடு" என்றார் அப்போதைய துறைத்தலைவர். அது இன்னும் உறுத்துவதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த நோய் முற்றிய நிலையில் வருபவர்கள் பலருக்கு வயிற்றில் நீர் கோத்திருக்கும். வயிற்றைத் திறந்ததும் முதல் வேலை அதை உறிஞ்சுவது. சிலருக்கு லிட்டர் கணக்கில் வரும், வைக்கோல் நிறத்தில், சில சமயம் ரத்தம் கலந்து. பரிசோதனைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிவில் கொட்டிவிடுவது வழக்கம். கீமோ முடிந்து நோய் திரும்பி வந்த ஒரு அம்மாவுக்கு அப்படி நீர் எடுத்தபோது, பாட்டிலின் அடியில் ரவை போலப் பொடிப்பொடியாகப் படிந்திருந்ததைப் பார்த்தேன். கொட்ட வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லி, ஐஸ் பெட்டியில் வைத்து நானே ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். (நெறிமுறைக் குழுவின் அனுமதியும் அந்த அம்மாவின் எழுத்துபூர்வமான சம்மதமும் அதற்கு முன்பே கையில் இருந்தன. நோயாளியை எலியாகப் பார்க்கிறார் என்று யாராவது ஆரம்பிப்பார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன்.)

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் புற்றுசெல்கள் தனித்தனியாக இல்லை, பந்துபந்தாகத் திரண்டிருந்தன. கீமோவில் கொடுக்கும் பிளாட்டினம் மருந்தை ஊற்றிப் பார்த்தோம். தட்டில் ஒட்டிப் பரவிய செல்கள் செத்தன. பந்தாக மிதந்தவற்றில் நிறைய தாக்குப்பிடித்தன. இது என் கண்டுபிடிப்பு இல்லை, வேறு ஆய்வகங்களும் எழுதியிருக்கின்றன. ஆனால் அன்று காலை அந்த நீரை எடுத்த கைதான் மாலையில் அந்தத் தட்டைப் பிடித்திருந்தது. அந்த அம்மாவுக்கு ஏன் மருந்து வேலை செய்யவில்லை என்ற கேள்வி எனக்கு அங்கிருந்துதான் பிடித்தது, இன்றுவரை விடவில்லை.

அறுவை சிகிச்சை செய்பவர் ஆராய்ச்சிக்குக் கொண்டுவருவது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான். இந்தப் புற்றுநோய் வயிற்றுக்குள் பரவும்போது குடலுக்கு முன்னால் தொங்கும் ஓமெண்டம் என்ற கொழுப்புப் படலத்தைத்தான் அடிக்கடி பிடிக்கிறது. வயிற்றைத் திறக்கும் எல்லோரும் அதைப் பார்க்கிறோம், வெட்டி எடுக்கிறோம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் லெங்கியெல் என்ற மகளிர் புற்றுநோய் மருத்துவரின் குழு, ஏன் அங்கே என்று கேட்டது. அங்குள்ள கொழுப்பு செல்கள் புற்றுசெல்களை ஈர்த்து, தங்கள் கொழுப்பையே எரிபொருளாகக் கொடுக்கின்றன என்று 2011-ல் காட்டினார்கள்.

நோயாளிகளின் செல்களை வைத்து நாங்கள் எழுதிய கட்டுரைக்கு என்ன நடந்தது தெரியுமா? நோயாளிகளின் செல்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன, எஸ்.கே.ஓ.வி.3 செல் லைனில் (ஆய்வகங்களில் தொடர்ந்து வளர்த்துவரும் செல் வகை) திரும்பச் செய்து காட்டுங்கள் என்றார் இதழின் மதிப்பீட்டாளர். சினைப்பைப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் ஹைகிரேடு சீரஸ் வகைக் கட்டிக்கு அந்த செல் லைன் சரியான மாதிரி இல்லை என்று 2013-லேயே மரபணு ஒப்பீடு வந்துவிட்டது. தியேட்டர் வாசலை மிதிக்காதவர்தான் நோயாளியின் செல்லை நம்ப மாட்டேன் என்கிறார்.

ஆராய்ச்சியில் இறங்கினால் கை மழுங்கிவிடும் என்பார்கள். அவர்களுக்கு 2019-ல் வெளியான லயன் ஆய்வைக் காட்டுங்கள். கட்டி முழுதும் எடுத்தாயிற்று, நிணநீர்க் கணுக்கள் பார்வைக்கு நன்றாக இருக்கின்றன, இருந்தாலும் கணுக்களையும் வரிசையாக எடுத்துவிடுவோம் என்பது பல இடங்களில் பழக்கமாக இருந்தது. 647 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். கணுக்கள் எடுக்கப்பட்ட பெண்களின் ஆயுள் கூடவில்லை. அறுவைக்குப் பின் 60 நாளுக்குள் இறந்தவர்கள், எடுக்கப்பட்டவர்களில் 3.1 சதவீதம், எடுக்கப்படாதவர்களில் 0.9 சதவீதம். இதைக் கேட்டுச் சோதித்தது கத்தி பிடிக்கும் மருத்துவர்கள்தான். கை மழுங்கியிருந்தால் இப்படி ஓர் ஆய்வை நடத்தியிருக்கவே முடியாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களுக்கு சிஏ-125 (இந்தப் புற்றுநோயில் ஏறும் ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை செய்து பயமுறுத்துவதை நிறுத்துங்கள். அது மாதவிடாயிலும் ஏறும், எண்டோமெட்ரியோசிஸிலும் (கருப்பை உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) ஏறும், வயிற்றுக் காசநோயிலும் ஏறும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2021-ல் முடிவு சொன்னார்கள்: அறிகுறி இல்லாதவர்களைச் சோதிக்கும் ஸ்கிரீனிங்கால் இந்த நோயில் இறப்பு குறையவில்லை. அதே நேரம், வாரக்கணக்கில் வயிறு உப்பலாக இருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்று வரும் பெண்ணுக்கு கேஸ் மாத்திரை எழுதி அனுப்புகிறார்கள். அவருக்குத்தான் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இந்த இரண்டும் தலைகீழாக நடப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அறுவைப் பயிற்சியை முழுசாக முடியுங்கள், அதில் சமரசம் வேண்டாம். இந்த நோயில் கட்டியை மிச்சமில்லாமல் எடுப்பது நோயாளியின் ஆயுளோடு சம்பந்தப்பட்டது. அப்புறம் ஆய்வகத்தில் தொடர்ச்சியாகச் சில வருடம் உட்காருங்கள். ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி என்பது நடக்காது. முழுநேர விஞ்ஞானி ஒருவரைக் கூட்டாளியாகப் பிடியுங்கள், சமமாக நடத்துங்கள். நோயியல் நிபுணரோடு நல்ல உறவு வேண்டும், ஏனென்றால் நோயறிதலுக்கு வேண்டிய திசுவை அவர் எடுத்துக்கொண்ட பிறகுதான் உங்களுக்கு.

எல்லோரும் இந்த வழிக்கு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறுவை மட்டும் செய்து நூற்றுக்கணக்கானவர்களைக் காப்பாற்றும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஆனால் வருவதாக இருந்தால், வேலைக்குச் சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் ஆய்வகத்தில் இருக்கும் நாளில் என் வார்டையும் அவசரக் கேஸ்களையும் யார் பார்ப்பார்கள்? ஒரு ஆளின் பெயரைச் சொல்லி, நியமனக் கடிதத்திலும் எழுதித் தந்தால் சேருங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் வேறு இடம் தேடுங்கள்.