சாப்பாடும் சம்பளத்தில் சேர்த்தி

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தை ஐந்து வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. அதுவும் புத்தகம் பற்றி இல்லை, மன்னிக்கவும்.

கோவையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடமாக டெவலப்பராக இருக்கிறேன். கையில் 46 ஆயிரம் வருகிறது. போன மாதம் இன்னொரு நிறுவனத்தில் டெவலப்பர் வேலைக்கு நான்கு சுற்று இன்டர்வியூ முடிந்து எச்ஆர் போனில் பேசினார். ஒன்பது லட்சம், கையில் 70 ஆயிரத்துக்குக் குறையாது என்றார். அதை நம்பி ராஜினாமா கொடுத்துவிட்டேன். 60 நாள் நோட்டீஸில் 22 நாள் ஓடிவிட்டது. ஆஃபர் லெட்டர் நேற்று இரவுதான் வந்தது.

ஒன்பது லட்சம் என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதில் 1,08,000 வேரியபிள், அதாவது கூடலாம் குறையலாம் என்கிற பங்கு. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை, இன்சூரன்ஸ் எல்லாமே அந்த ஒன்பதுக்குள்ளேயே அடக்கம். நான் போட்ட கணக்கில் கையில் 55 ஆயிரத்துச் சொச்சம்தான் வருகிறது. இது ஏமாற்று இல்லையா? இரண்டு வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்டவேண்டும் என்று ஒரு பாண்ட் வேறு. அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. பதவி 'அப்ளிகேஷன் சப்போர்ட் இன்ஜினியர்' என்று இருக்கிறது. வெள்ளி மாலைக்குள் ஒப்புதல் தரவேண்டுமாம்.

"கிடைச்சதை விட்டுடாதே, முதல்ல கையெழுத்தைப் போடு" என்கிறார் அப்பா. "ஒத்துக்கிட்டு உள்ளே போ, ஆறு மாசத்துல வேற பாத்துக்கலாம்" என்கிறாள் தோழி. எனக்குத் தூக்கம் வரவில்லை.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அடையாளம் தெரியாமல் இருக்க உங்கள் கடிதத்தைச் சுருக்கி, எண்களையும் லேசாக மாற்றியிருக்கிறேன். முதலில் ஒரு சாப்பாட்டுக் கதை.

1996-இல் மதுரையில் ஒரு அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். மாதம் 1,800 ரூபாய் என்று முதலாளி வாயால் சொன்னார். காகிதம் எதுவும் கிடையாது. அச்சகத்தை ஒட்டியே அவர் வீடு. மதியமானால் உள்ளிருந்து சாப்பாடு வந்துவிடும். சாம்பார், ஒரு கூட்டு, மோர், வெள்ளிக்கிழமை பாயசம். எவ்வளவு பிரியமான மனுஷர் என்று ஊருக்குக் கார்டு போட்டேன். மாதக் கடைசியில் கவரைப் பிரித்தால் 1,410 ரூபாய் இருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: சாப்பாடு 26 நாள், நாளுக்கு 15 வீதம், 390. சிடிசி, அதாவது ஒரு ஊழியருக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, என்ற சொல்லை அதற்குப் பல வருடம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அதன் பொருளை அன்றைக்கே சாப்பிட்டு முடித்திருந்தேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. இனிமேல் சாப்பாடு வேண்டாம் என்றால் அந்த வீட்டம்மா என்ன நினைப்பாரோ என்று கூச்சம். பதினான்கு மாதம் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டேன், பாயசம் உட்பட. என்னோடு அதே வாரத்தில் சேர்ந்த இன்னொருவர் முதல் நாளே "இதுக்குப் பிடிப்பீங்களாண்ணே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, மறுநாள் முதல் தூக்குவாளியோடு வந்தார். அவருக்கு முழுதாக 1,800.

முதலாளி பொய் சொன்னாரா என்றால், அவர் கணக்குப்படி இல்லை. 1,800-ஐத்தான் கொடுத்தார், கொஞ்சம் சோறாக. உங்கள் எச்ஆர் சொன்ன ஒன்பது லட்சமும் அந்த ரகம். 70 ஆயிரம் என்றாரே, அதுதான் தப்பு. ஒன்பது லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 75 வரும். பிடித்தம் போக 70 என்று மனக்கணக்கில் அடித்துவிட்டிருக்கிறார்.

நீங்கள் அனுப்பிய அட்டவணையை நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் மாதம் 32,000. அதில் 12 சதவீதம் கம்பெனி பங்கு பி.எஃப்., வருடத்துக்கு 46,080. கிராஜுவிட்டி 18,470. இன்சூரன்ஸ் 12,000. வேரியபிள் 1,08,000. ஆக 1,84,550 ரூபாய் மாதாமாதம் கைக்கு வராத பணம். மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 59,620. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 3,840 போகும், தொழில்வரி இருநூறு போகும். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை. 55 ஆயிரத்து ஐந்நூறு சொச்சம். உங்கள் கணக்கு சரி.

ஆனால் இந்த 1,84,550 முழுக்கவும் மாயம் இல்லை. பி.எஃப். உங்கள் பணம். கம்பெனி பங்கிலிருந்து மாதம் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போகும், மற்றது உங்கள் பெயரில் வட்டியோடு வளரும். இப்போதைய இடத்தில் மாதம் 1,800தான் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதாவது சம்பளத்தில் 15,000 ரூபாய் வரைக்கு மட்டும் 12 சதவீதம். ஆகவே புது இடத்தில் கையில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கூடுவதோடு, கண்ணுக்குத் தெரியாத சேமிப்பும் இரு மடங்குக்கு மேல் ஆகிறது. 24 ஆயிரம் கூடும் என்று நினைத்த இடத்தில் இது ஏமாற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். நஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

கிராஜுவிட்டி கதை வேறு. 15-ஐ 26-ஆல் வகுத்து, அதை 12-ஆல் வகுத்தால் வரும் 4.81 சதவீதத்தை அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிட்டு வருடா வருடம் சிடிசியில் சேர்த்துவிடுவார்கள். நிரந்தர ஊழியருக்கு அது கிடைக்க ஐந்து வருடம் இருக்கவேண்டும். இப்போது ஒரு வருடத்திலேயே கிடைக்கும் என்று வாட்ஸாப்பில் சுற்றுவது குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கான விதி. உங்கள் துறையில் எத்தனை பேர் ஒரே இடத்தில் ஐந்து வருடம் இருக்கிறார்கள்? கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் லட்டு அது. எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். வேரியபிளுக்கு ஒரு கேள்வி போதும்: கடந்த இரண்டு வருடத்தில் இந்த நிலையில் இருந்தவர்களுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்? வேரியபிளைப் பற்றி எத்தனை பத்தி விளக்கம் கொடுத்தாலும், தேவையானது இந்த ஒரு எண்தான்.

சரி, பணத்தை விடுங்கள். உங்கள் கடிதத்தின் மூலத்தில் சம்பளத்துக்கு நான்கு பத்தி, பதவிக்கு ஒரே வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது.

மூன்று வருட டெவலப்பர், அடுத்த இரண்டு வருடத்தைச் சப்போர்ட் இன்ஜினியர் என்ற பெயரில் கழித்தால், அதற்கடுத்த இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். அனுபவச் சான்றிதழில் அந்தப் பெயர்தான் இருக்கும். நீங்கள் உள்ளே என்ன எழுதினீர்கள் என்பதை அந்தத் தாள் சொல்லாது. சப்போர்ட் வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்த சர்வரைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் இல்லாவிட்டால் காலையில் உங்களால் போனில் பணம் அனுப்ப முடியாது. ஆனால் அதற்கென்று மனதைத் தயார் செய்துகொண்டு போகிறவர் வேறு, டெவலப்பர் நாற்காலி என்று நினைத்துப் போய் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்க்கிறவர் வேறு. ஒருவேளை எச்ஆர் பழைய லெட்டரைத் திறந்து பெயரை மட்டும் மாற்றியதில் வந்த பிழையாகவும் இருக்கலாம். அப்படியானால் திருத்த ஐந்து நிமிடம் ஆகாது. திருத்த மறுத்தால் அது பிழை இல்லை.

இனி பாண்ட். தனியார் கம்பெனி பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று உங்கள் தோழி சொல்லியிருப்பார், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற ஷரத்து செல்லும் என்றே சொன்னது. பொதுத்துறை வங்கி ஆள் எடுக்கும் செலவையும் சிரமத்தையும் வைத்துச் சொன்ன தீர்ப்பு அது, எல்லாக் கம்பெனிக்கும் அப்படியே பொருந்திவிடாது. உங்களுக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்காமல் இரண்டு லட்சம் கேட்டால் அதை எதிர்த்து வாதாட இடம் உண்டு. ஆனால் வாதாடுவதற்கு வக்கீல் பீஸ் ஆகும், ரிலீவிங் லெட்டரை அதுவரை நிறுத்திவைப்பார்கள். ஆகவே தோழியின் யோசனை, உள்ளே போய் ஆறு மாதத்தில் மாறுவது, இரண்டு லட்ச ரூபாய் யோசனை. பணம் யார் கொடுப்பார் என்று அவரிடம் கேளுங்கள்.

அப்பா சொல்வதில் அனுபவம் இருக்கிறது, தெரியும். அவர் காலத்தில் வேலை கிடைப்பதே அரிது. ஆனால் இந்த லெட்டரின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருப்பதைப் பார்த்தீர்களா? இதற்கு முன் வாய்மொழியாகவோ வேறு வகையிலோ பேசியவை எல்லாவற்றுக்கும் பதிலாக இந்தக் கடிதமே முழு ஒப்பந்தம் என்கிறது அது. கையெழுத்துப் போட்ட அடுத்த நிமிடம், போனில் சொன்ன 70 ஆயிரம் என்று ஒன்று இருந்ததாகவே ஆகாது. கேட்பதெல்லாம் அதற்கு முன்னால்தான்.

கேட்கிற விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், ஏற்பு என்றால் நிபந்தனையில்லாத முழு ஏற்பாக இருக்கவேண்டும் என்கிறது. "பதவியை மாற்றினால் ஏற்கிறேன்" என்று எழுதினால் அது ஏற்பு ஆகாது, நீங்கள் வைக்கும் புது முன்மொழிவு ஆகிவிடும். அவர்களுடையதை நிராகரித்துவிட்டீர்கள் என்று அவர்கள் சொல்ல அது இடம் கொடுக்கும். விளக்கம் கேட்பது நிராகரிப்பு இல்லை. என் வக்கீல் நண்பர் ஒருவர் இந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லி என்னை அலுக்க வைத்திருக்கிறார். ஆகவே இந்த மாதிரி எழுதுங்கள், ஆங்கிலத்தில் என்னைவிட நன்றாகவே எழுதுவீர்கள்:

"ஆஃபர் லெட்டருக்கு நன்றி. இந்த வேலையில் சேர விருப்பத்தோடு இருக்கிறேன். நாம் பேசியதோடு ஒத்துவராத சில இடங்களுக்கு விளக்கம் வேண்டும். டெவலப்பர் பணிக்கு நேர்காணல் நடந்தது, கடிதத்தில் அப்ளிகேஷன் சப்போர்ட் இன்ஜினியர் என்று உள்ளது. இன்ன தேதியில் தொலைபேசியில் மாதம் 70 ஆயிரத்துக்குக் குறையாமல் கையில் வரும் என்று சொன்னீர்கள், இணைப்பின்படி சுமார் 55,500 வருகிறது. இரண்டு வருட ஒப்பந்தம் பற்றி முன்பு பேசவில்லை. இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைத்ததும் என் முடிவைத் தெரிவிக்கிறேன். அதற்காகக் கெடுவைத் திங்கள் மாலை வரை நீட்டித் தர வேண்டுகிறேன்."

ஏமாற்றம், அதிர்ச்சி போன்ற சொற்கள் இதில் வேண்டாம். யாரையும் குற்றம் சொல்லவும் வேண்டாம். எச்ஆர் போன் செய்து விளக்கினால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நீங்க சொன்னதையே ஒரு மெயிலா போட்டுடுங்க மேடம்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் போடாவிட்டால் நீங்கள் போடுங்கள், "சற்றுமுன் பேசியதில் நான் புரிந்துகொண்டது" என்று.

மூன்றும் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. பதவியையும் பாண்டையும் விடாமல் பிடியுங்கள். பணத்தில் வேரியபிளில் ஒரு பகுதியை மாதச் சம்பளத்துக்கு மாற்றக் கேட்கலாம், அது கிடைத்தால் லாபம். பதவி மாறவில்லை என்றால் நானாக இருந்தால் போகமாட்டேன். ஆனால் வீட்டு வாடகை கட்டுவது நான் இல்லை.

அவர்கள் ஆஃபரையே திரும்பப் பெறலாம். நீங்கள் ஏற்கும்வரை அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு, இதை மறைக்க மாட்டேன். 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆறரை லட்சம் என்று சொல்லி மாதக்கணக்கில் காத்திருக்க வைத்த புதியவர்களிடம் மூன்றரைக்கு வருகிறீர்களா என்று கேட்டது. அந்தப் பிள்ளைகளுக்குக் கையில் வேறு எதுவும் இல்லை. உங்களுக்கு மூன்று வருட வேலை இருக்கிறது, நான்கு சுற்று தேர்வு செய்த ஒரு மேலாளர் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறார், நோட்டீஸில் இன்னும் 38 நாள் இருக்கிறது. மற்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பதை இன்றே திரும்பத் தொடங்குங்கள். இப்போதைய மேலாளரிடம் ராஜினாமாவைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கவும் வழி உண்டு. தனியாரில் அது அவர்கள் இஷ்டம்தான், ஆனால் உங்கள் இடத்துக்கு ஆள் கிடைக்கும் முன் கேட்பது நல்லது.

லெட்டர் கைக்கு வரும் முன் ராஜினாமா கொடுத்தது தப்பு. ஒரு தடவை சொல்லிவிட்டேன், இனி சொல்லமாட்டேன். சோற்றைப் பிரியம் என்று நினைத்தவன் அதைச் சொல்ல அருகதை உள்ளவனும் இல்லை.

கெடு நாளை மாலை. இதைப் படித்ததும் முதலில் மெயிலை அனுப்புங்கள். அப்பாவிடம் அதற்கப்புறம் பேசலாம்.