பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனால் பயிற்சி டாக்டர்களை நம்பலாமா?

உங்கள் வீட்டிலும் யாருக்கோ பிரசவத் தேதி நெருங்குகிறது, "அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரியில் படிக்கிற பிள்ளைகள்தான் இருக்கும்" என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அப்படித்தானே? திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் டாக்டர் படிப்பு முடித்து மகப்பேறு மேற்படிப்பு (பிஜி) படித்தவள் நான். நம்பலாம். நாங்கள் தனியாக நிற்பதில்லை.

களக்காட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு பெண். சுகப்பிரசவம், நஞ்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது. திடீரென்று ரத்தம். வயிற்றில் கை வைத்தால் கெட்டியாக இருக்க வேண்டிய கர்ப்பப்பை, பிசைந்த மாவாகத் தொளதொளத்தது. பெரும்பாலும் இதுதான் காரணம். 500 மில்லி போனாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். நான் கூப்பிட்ட குரலுக்கு எல்லாரும் ஓடிவந்தார்கள். ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர், இரண்டு கையிலும் ட்ரிப் ஏற்ற ஊசி போட்டு, எந்த ரத்தம் சேரும் என்று பார்க்கும் கிராஸ் மேட்சுக்கு ரத்தம் எடுத்தான். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ட்ரிப் ஓடியது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சமிக் ஆசிட் 1 கிராம் போட்டோம். பிள்ளை பிறந்த 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். கர்ப்பப்பையைச் சுருக்கும் இன்னொரு ஊசியான கார்போப்ரோஸ்ட்டைக் கையில் எடுத்த சிஸ்டர், உடைக்கும் முன் "உனக்கு வீசிங் உண்டாம்மா?" என்று கேட்டார். உண்டு. அந்த ஊசி ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, அப்படியே கீழே வைத்தார். நான் ஒரு கை உள்ளே, ஒரு கை வயிற்றின் மேல் வைத்துக் கர்ப்பப்பையை நடுவில் அழுத்திப் பிடித்திருந்தேன். தோள் வரை மரத்துப்போனது. எங்கள் சீனியர் டாக்டர் மேடம் வந்து, ஆணுறையை ரப்பர் குழாயில் கட்டிக் கர்ப்பப்பைக்குள் வைத்து, அது பலூன் மாதிரி உப்பி அழுத்தும்படி சலைன் ஏற்றிய பிறகுதான் கையை எடுக்க விட்டார். வங்கதேசத்து டாக்டர் சயீபா அக்தர் காட்டிய வழி அது. ரத்தம் நின்றது.

எல்லா உயிரும் பிழைத்ததா என்று சண்டைக்கு வராதீர்கள். இல்லை. கையில் இருந்ததை வைத்து எங்களால் ஆனதைச் செய்தோம்.

வெளியே நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை. ரத்தம் கொடுக்க ஆள் கேட்டால், மாமியார் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் வயக்காட்டுல வேல பாக்கணும்லா, தெம்பு போயிரும்" என்கிறார். பெண்ணின் ஆச்சிதான் "என் ரத்தத்த எடுத்துக்கோங்கம்மா" என்று முன்னால் வந்தார், எழுபது தாண்டியவர். 65 வயதுக்கு மேல் எடுக்க முடியாது. விடிய விடிய நின்றுவிட்டு டூட்டி ரூமுக்குப் போனால் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பெண் டாக்டர்கள் படுக்கும் அறை அது. எழுதிக் கொடுத்தும் யாரும் கேட்கவில்லை.

சரி, நீங்கள் இப்போதே ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 11க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் கொடுங்கள். ரத்தம் கொடுக்கத் தெம்புள்ள இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வீட்டு ஆண்களையும் சேர்த்து.