எல்லோருக்கும் சம்பள உயர்வு, சங்கம் வைத்தவர்களைத் தவிர

கேள்வி: கால் ஆஃப் டூட்டி வீடியோ கேமைச் சோதிக்கும் ஊழியர்கள் (டெஸ்டர்கள்) சங்கம் வைத்ததற்காக நிர்வாகம் அவர்களைப் பழிவாங்கியதாகப் படித்தேன். நிர்வாகமோ சட்டப்படிதான் நடந்தோம் என்கிறது. யார் பக்கம் நியாயம்?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: ஊழியர்கள் பக்கம்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள ரேவன் சாஃப்ட்வேர், அந்த கேமை வெளியிடும் ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தின் ஸ்டூடியோ. 2021 டிசம்பரில் அங்கே ஒப்பந்த டெஸ்டர்கள் 12 பேருக்கு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பலர் சொந்தச் செலவில் வேறு ஊரிலிருந்து குடிவந்தவர்கள். மற்ற டெஸ்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், 2022 ஜனவரி 21-இல் சங்கத்தையும் அறிவித்தார்கள். மூன்றே நாளில் நிர்வாகம் டெஸ்டர்களைப் பல பிரிவுகளுக்குப் பிரித்துப் போடப் போவதாகச் சொன்னது. முன்பே போட்ட திட்டமாம்! அப்புறம், சங்கம் வேண்டுமா என்ற தேர்தலில் டெஸ்டர்கள் மட்டும் வாக்களித்தால் போதாது, மொத்த ஸ்டூடியோவும் வாக்களிக்க வேண்டும் என்று வாதாடி, அதில் தோற்றது.

நீங்கள் கேட்கும் விஷயம் ஏப்ரலில் நடந்தது. சுமார் 1,100 தற்காலிக டெஸ்டர்களை நிரந்தரமாக்கி, குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 20 டாலராக உயர்த்திய நிறுவனம், ரேவன் டெஸ்டர்களுக்கு மட்டும் அந்த உயர்வு கிடையாது என்றது. சங்கத் தேர்தல் நேரத்தில் சம்பளத்தை மாற்றச் சட்டம் விடாது என்று காரணமும் சொன்னது. பாதி உண்மை அது. சலுகை காட்டி ஓட்டைக் கலைக்கக் கூடாது என்பது சரிதான், ஆனால் சங்கம் என்ற பேச்சே எழாமல் இருந்திருந்தால் கொடுத்திருக்கக் கூடிய உயர்வைப் பிடித்து வைப்பதும் அதே சட்டப்படி தப்பு. இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான தேசிய தொழிலாளர் உறவு வாரியத்தின் விசாரணையும் அந்தப் பழிவாங்கல் புகாருக்கு முகாந்திரம் இருக்கிறது என்றுதான் சொன்னது, 2022 அக்டோபரில். அதற்குள் மே மாத வாக்கெடுப்பே முடிந்திருந்தது. 19-க்கு 3 என்று டெஸ்டர்கள் ஜெயித்துவிட்டார்கள், கையில் வர வேண்டிய டாலரை இழந்துகொண்டே.

கேள்வி: சட்டம் இருந்தும் கம்பெனிகளுக்கு ஏன் பயமில்லை?
– அதே வாசகர்

பதில்: அபராதம் இல்லையே! 1935-இல் வந்த அந்தச் சட்டப்படி, சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்பியது நிரூபணமானால் அவரைத் திரும்ப எடுக்க வேண்டும், விட்டுப்போன சம்பளத்தைத் தர வேண்டும், அதிலும் இடையில் அவர் வேறு வேலையில் சம்பாதித்ததைக் கழித்துக்கொள்வார்கள். வழக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகும். மணிக்கூலிக்காரரால் அதுவரை வாடகை கட்டிக்கொண்டு காத்திருக்க முடியுமா? 2023 அக்டோபரில் ஆக்டிவிஷனை வாங்கிய மைக்ரோசாஃப்ட், அதற்கு முந்தின வருஷமே, சங்கம் வைக்கும் விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று ஊழியர் சங்கத்தோடு கையெழுத்துப் போட்டிருந்தது. அப்படியும் ரேவன் டெஸ்டர்களின் சங்கத்துக்கு நிர்வாகத்தோடு முதல் ஒப்பந்தம் கிடைத்தது 2025-இல்தான், வாக்கெடுப்பில் ஜெயித்து மூன்று வருஷம் கழித்து.